2026 நவம்பருக்கு முன்: இரண்டு காங்கிரஸ்களின் கணக்கு வழக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் அதிபர் தேர்தல் வந்தால் வாட்ஸப் குழுக்களில் ஆறு மாதம் சண்டை போடுவார்கள். இடைக்காலத் தேர்தல் வந்தால் தபால் ஓட்டுக் கவரைப் பிரிக்காமலே மேசை மேல் போட்டு வைத்திருப்பார்கள். 2026 நவம்பர் 3 அன்று நடக்கப்போவது அந்த இரண்டாவது வகை. ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் பிரீமியம், மருந்துக் கடையில் கட்டும் தொகை, கூரையில் சோலார் போட்டால் கையைக் கடிக்குமா இல்லையா என்பதெல்லாம் பெரும்பாலும் அதிபர் கையில் இல்லை, காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றம் எழுதும் சட்டத்தில் இருக்கிறது. கீழவையின் 435 இடங்களுக்கும், செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அன்றைக்குத்தான் ஓட்டு.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக நம் முன்னால் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று, 2021 ஜனவரி முதல் 2023 ஜனவரி வரை இருந்த 117-வது காங்கிரஸ். இரண்டு அவையும் வெள்ளை மாளிகையும் ஜனநாயகக் கட்சி கையில். இன்னொன்று, 2025 ஜனவரியில் கூடிய இப்போதைய 119-வது காங்கிரஸ். மூன்றும் குடியரசுக் கட்சி கையில். நடுவில் வந்த 118-வது காங்கிரஸில் அவைக்கு ஒரு கட்சி, அதனால் பெரிய சட்டம் அதிகம் நகரவில்லை, அதை விட்டுவிடலாம். சாவிக்கொத்து முழுக்கக் கையில் இருந்தபோது யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் "எதிர்க்கட்சி விடவில்லை" என்ற சாக்கு எடுபடாது.

இந்த ஒப்பீட்டைப் பெரும்பாலோர் தொகையை வைத்துச் செய்கிறார்கள். 1.9 லட்சம் கோடி டாலர், 3.4 லட்சம் கோடி டாலர் என்று. எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. நான் பார்ப்பது ஒவ்வொரு பிரிவும் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பதை. இந்த இரண்டு காங்கிரஸ்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அங்கேதான் கிடக்கிறது.

முதலில் கொஞ்சம் நடைமுறை. செனட்டில் சாதாரணமாக ஒரு மசோதா நகர 60 ஓட்டு வேண்டும். 117-வது காங்கிரஸில் செனட் சரிபாதி, 50-50, சமன் வந்தால் துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டு. அதனால் இருந்த ஒரே வழி ரீகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் பாதை, அதில் 51 போதும். ஆனால் அதற்கு பேர்ட் விதி என்று ஒரு கடிவாளம் உண்டு. பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாத எதையும் உள்ளே வைக்கக் கூடாது, பத்தாண்டுக் கணக்குக்கு அப்பால் பற்றாக்குறையை ஏற்றவும் கூடாது. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் 2021-ல் இப்படித்தான் வெளியே போனது. போதாக்குறைக்கு மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மேன்ச்சின், மொத்தச் செலவு இதற்கு மேல் போனால் நான் இல்லை என்று உட்கார்ந்திருந்தார். செலவைக் குறைத்துக் காட்ட அவர்கள் கண்டுபிடித்த சுலப வழி, திட்டங்களுக்குச் சின்னச் சின்ன ஆயுள் கொடுப்பது. ஒரு வருடம், இரண்டு வருடம். மக்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்து வருபவர்கள் நிறுத்த முடியாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

பொருளாதார மீட்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் இது பளிச்சென்று தெரிகிறது. 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், 1.9 லட்சம் கோடி டாலர், குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை. தலைக்கு 1,400 டாலர் காசோலை, வேலை இழந்தவர்களுக்கு வாரம் 300 டாலர் கூடுதல், மாநில உள்ளூர் அரசுகளுக்கு 35,000 கோடி டாலர். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது குழந்தைகளுக்கான வரிச்சலுகை. ஆறு வயதுக்குக் கீழ் 3,600 டாலர், அதற்கு மேல் 3,000. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை, அதில் பாதி 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது, சின்னக் குழந்தைக்கு மாதம் 300 டாலர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கீட்டு அலுவலகம் அரசு உதவிகளையும் சேர்த்துப் போடும் வறுமைக் கணக்கில், குழந்தை வறுமை 2020-ல் 9.7 சதவீதம், 2021-ல் 5.2. அந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு கீழே போனதே இல்லை. 2022-ல் 12.4. ஆறு மாதம் வந்த பணம் நின்றதும் வறுமை இருந்த இடத்துக்கே, அதற்கும் மேலேயே, ஏறிவிட்டது. நீட்டிக்க வேண்டிய பெரிய மசோதா 2021 நவம்பரில் கீழவையில் நிறைவேறி, டிசம்பரில் மேன்ச்சின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் "என்னால் முடியாது" என்று சொன்னதோடு முடிந்தது.

சரி, மீட்பு நடந்ததா? நடந்தது. 2021 ஜனவரியில் 6 சதவீதத்துக்கு மேல் இருந்த வேலையின்மை அந்த வருடக் கடைசியிலேயே 4 சதவீதத்துக்குக் கீழ் வந்துவிட்டது. 2008 சரிவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரப் பல வருடம் ஆனதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. கூடவே விலைவாசியும் வந்தது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது வருடத்தில் காணாத அளவு. சரக்குப் போக்குவரத்துச் சிக்கலும் உக்ரைன் போரும் அதில் பெரிய பங்கு, ஆனால் இந்தச் சட்டமும் எண்ணெய் ஊற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. அதே கட்சி ஆட்சியில் நிதியமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸே 2021 பிப்ரவரியில் எச்சரித்தார், யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்தவர் சிலர், மளிகைப் பில் ஏறியது எல்லோருக்கும். ஓட்டுப் பெட்டியில் எது அதிகம் கனக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 2025. ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒன் பிக் பியூட்டிஃபுல் பில் சட்டம் (பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும், எதிர்ப்பவர்களும் அதை "அழகான மசோதா" என்றே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது) ஒரு நெருக்கடியிலிருந்து மீட்க வந்தது அல்ல, அப்போது பொருளாதாரம் படுத்துக் கிடக்கவில்லை. அதனால் 2021-ஐ இதோடு நேருக்கு நேர் வைப்பது கொஞ்சம் அநியாயம்தான். செனட்டில் இது 51-50, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் ஓட்டில். இதுவும் அதே ரீகன்சிலியேஷன் பாதை. ஆனால் இவர்கள் தேதியைக் கையாண்ட விதம் வேறு. 2017-ல் கொடுத்து 2025-ல் முடிய வேண்டிய வரிக்குறைப்பை நீட்டித்தால் செலவு என்று கணக்கில் ஏற வேண்டும் இல்லையா? செனட்டில், "இப்போது இருப்பதுதானே தொடர்கிறது, இதில் புதுச் செலவு எங்கே வந்தது" என்று சொல்லி அந்தத் தொகையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டார்கள். முந்தையவர்கள் அளவுகோலுக்குப் பயந்து துணியை வெட்டினார்கள், இவர்கள் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமான சிபிஓ வழக்கமான முறையில் போட்ட கணக்கில் பத்து வருடத்தில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடுகிறது.

அந்தச் சட்டத்துக்குள் தேதிகளைப் பாருங்கள். வருமான வரி விகிதங்கள் நிரந்தரம். தொழில் நிறுவனங்கள் இயந்திரம் வாங்கினால் அந்த வருடமே முழுச் செலவையும் கழித்துக்கொள்வது நிரந்தரம். 1.5 கோடி டாலர் வரை சொத்து விட்டுப்போனால் வாரிசுரிமை வரி இல்லை, அதுவும் நிரந்தரம். டிப்ஸுக்கு வரி இல்லை, ஓவர்டைமுக்கு வரி இல்லை என்று மேடையில் முழங்கிய சலுகைகள் 2025 முதல் 2028 வரை மட்டும். 65 வயது தாண்டியவர்களுக்கு 6,000 டாலர் கழிவும் அப்படியே. நியூஜெர்ஸி, கலிஃபோர்னியா பக்கம் வீடு வாங்கிச் சொத்து வரியில் முழி பிதுங்கும் நம்மவர்களுக்கு உதவும் மாநில வரிக்கழிவு உச்சவரம்பு 10,000-லிருந்து 40,000 டாலராக ஏறியதும் 2029 வரைதான், 2030-ல் பழையபடி 10,000. குழந்தை வரிச்சலுகை 2,200 டாலராகி நிரந்தரமாகியிருக்கிறது, அது நல்லதே, ஆனால் வருமானம் மிகக் குறைந்த குடும்பத்துக்கு முழுத் தொகை கிடைக்காது. 2021-ல் வறுமையைப் பாதியாக்கியது எந்தப் பகுதியோ அது இதில் இல்லை.

இதனால் 119-வது காங்கிரஸ் உங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓவர்டைம் பார்க்கும் நர்ஸுக்கு இது கைக்கு வந்த பணம். நியூஜெர்ஸி எடிசனில் வீடு வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய பணம். அப்படிப்பட்டவர் இதை வைத்து ஓட்டுப் போட்டால் அதில் தப்பே இல்லை, 2028, 2029 என்ற எண்களையும் தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 117-வது காங்கிரஸ் வெகுதூரம் முன்னால் நிற்கிறது, ஆனால் அங்கேயும் பாதி வேலை காலாவதித் தேதியோடுதான் வந்தது. முதலில் நிலைத்தவை. 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம், முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதுவரை சட்டமே அதைத் தடுத்து வைத்திருந்தது. முதல் பட்டியலில் பத்து மருந்துகள், அவற்றின் புது விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஜனூவியா மாத்திரை, ஒரு மாதத்துக்குப் பட்டியல் விலை 527 டாலர், பேசி முடித்த விலை 113. அடுத்து 2027-க்கு இன்னொரு பதினைந்து மருந்து, அதில் ஓசெம்பிக் உண்டு. மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது 2023 முதல், மருந்துக்கு வருடத்தில் கட்டும் கைக்காசுக்கு வரம்பு (தொடங்கியபோது 2,000 டாலர்) 2025 முதல். இவை எதற்கும் முடிவுத் தேதி இல்லை. 2025-ல் வந்தவர்கள் அரிய நோய் மருந்துகளுக்கான விலக்கைக் கொஞ்சம் அகலமாக்கினார்களே தவிர, அடித்தளத்தில் கை வைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் போட்டது 2022-ல், மருந்து விலை குறைந்தது 2026-ல், அதாவது எதிர்க்கட்சி ஆளும்போது. அரசியலாகப் பார்த்தால் சுத்த அசட்டுத்தனம். ஓட்டர் பார்வையில் பார்த்தால், இப்படி எழுதியதுதான் இன்றைக்கும் நிற்கிறது.

யாரும் பேசாத இன்னொன்றும் உண்டு. பிரசவமான பெண்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் அறுபது நாளில் முடிந்துவிடும் என்பதுதான் பழைய விதி. 2021 சட்டம் மாநிலங்கள் விரும்பினால் பன்னிரண்டு மாதம் கொடுக்கலாம் என்றது, ஐந்து வருடத்துக்கு மட்டும். 2022 டிசம்பரில், பதவிக்காலம் முடியும் நேரத்தில், அதே காங்கிரஸ் ஒரு பெரிய செலவின மசோதாவுக்குள் வைத்து இரு கட்சி ஓட்டோடு அதை நிரந்தரமாக்கியது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இப்போது அதைக் கொடுக்கின்றன, குடியரசுக் கட்சி பலமாக இருக்கும் சிவப்பு மாநிலங்கள் உட்பட.

இப்போது நிலைக்காதது: ஆபீஸ் காப்பீடு இல்லாமல் ஒபாமாகேர் சந்தையில் சொந்தமாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கான கூடுதல் மானியம். 2021-ல் இரண்டு வருடத்துக்குக் கொடுத்தார்கள், 2022-ல் 2025 கடைசி வரை நீட்டித்தார்கள், அதற்கு மேல் மேன்ச்சின் கணக்கில் இடமில்லை. இதன் பலனாகச் சந்தையில் சேர்ந்தவர்கள் 2021-ல் சுமார் 1.2 கோடி, 2025-ல் சுமார் 2.4 கோடி, இரட்டிப்பு. நிரந்தரமாக்க ஆகும் செலவு பத்து வருடத்துக்கு 35,000 கோடி டாலர் என்று சிபிஓ சொன்னது. 2025 கோடையில் எழுதிய அந்தப் பெரிய சட்டத்தில் இதற்கு இடமில்லை, இதை வைத்துத்தான் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்தது, டிசம்பர் 31-ல் மானியம் காலாவதியானது.

அது ஒரு குடும்பத்தில் என்ன செய்யும்? அறுபது வயதுத் தம்பதி, சொந்தமாகச் சின்னக் கடையோ கன்சல்டிங்கோ நடத்துகிறார்கள், ஆபீஸ் காப்பீடு இல்லை, மெடிகேருக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. வருட வருமானம் 85,000 டாலர். 2025-ல் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம், அதாவது 7,225 டாலர். 2026-ல் பழைய விதி திரும்பி வந்துவிட்டது, இருவருக்கு 84,600 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் மானியம் ஒரு பைசா கிடையாது. நானூறு டாலர் கூடச் சம்பாதித்த குற்றத்துக்கு முழு பிரீமியமும் தலையில். அந்த வயதில் இரண்டு பேருக்கும் சேர்த்து அது வருடத்துக்கு 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். இதில் இரண்டு காங்கிரஸுக்கும் பங்கு இருக்கிறது. தேதி போட்டவர்கள் ஒரு தரப்பு, தேதி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் இன்னொரு தரப்பு. என் பார்வையில் இரண்டாவது பங்கு பெரியது, ஆனால் முதல் தரப்புக்காரர்கள் மேடையில் பேசும் அளவுக்குச் சுத்தமான கையோடு இல்லை.

119-வது காங்கிரஸின் மருத்துவப் பதிவில் பெரியது மெடிக்கெய்ட் வெட்டு. உடல்நலமுள்ள பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ காட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அர்கன்சாஸ் 2018-ல் இதைச் செய்து பார்த்தது. மணிக்கணக்கை இணையத்தில் பதிய வேண்டும், அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வருபவன் எப்போது பதிவான்? நீதிமன்றம் நிறுத்தும் முன் 18,000 பேருக்கு மேல் காப்பீடு போனது. இந்த 2025 சட்டத்தால் 2034-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடி கூடுவார்கள் என்பது சிபிஓ மதிப்பீடு. கிராமப்புற மருத்துவத்துக்கென்று 5,000 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும், ஆனால் அது ஐந்து வருடத்தில் தீர்ந்துபோகும். அப்புறம், இன்னும் ஓட்டுரிமை இல்லாத எச்-1பி சொந்தக்காரர்கள் உங்களுக்கு இருந்தால் ஒரு செய்தி: 2027 முதல் ஒபாமாகேர் மானியம் கிரீன் கார்டுக்காரர்களோடும் இன்னும் ஓரிரு பிரிவினரோடும் நிற்கிறது.

சுத்த ஆற்றலைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஒருவர் கட்டினார், மற்றவர் இடித்தார். 2022 சட்டம் அப்போதைய மதிப்பீட்டில் 36,900 கோடி டாலரை இதற்கு ஒதுக்கியது. வீட்டு சோலாருக்கு 30 சதவீத வரிச்சலுகை 2032 வரை, மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை, இங்கேயே பேனலும் பேட்டரியும் செய்யும் தொழிற்சாலைகளுக்குத் தனிச் சலுகை. தேதி தாராளமாக, பத்து வருடத்துக்கு. இருந்தும் நிற்கவில்லை, ஆக நீண்ட தேதியும் கெட்டித் தேதி இல்லை. தொழிற்சாலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்குத்தான் போனது, ஜார்ஜியாவின் டால்ட்டன் மாதிரி. 2024 ஆகஸ்டில் அக்கட்சி எம்பிக்கள் 18 பேர் சலுகைகளை மொத்தமாக எடுக்காதீர்கள் என்று சபாநாயகர் மைக் ஜான்சனுக்குக் கடிதமே எழுதினார்கள். 2025-ல் ஓட்டெடுப்பு வந்தபோது அந்தப் பட்டியலில் பெரும்பாலோர் சட்டத்துக்கு ஆதரவாகத்தான் பட்டனை அழுத்தினார்கள்.

கார் சலுகை 2025 செப்டம்பர் 30-ல் முடிந்தது. வீட்டு சோலார் சலுகை டிசம்பர் 31-ல். 30,000 டாலர் செலவழித்தவருக்கு 9,000 டாலர் திரும்ப வர வேண்டும், ஆனால் பணம் கட்டிய தேதி கணக்கில் வராது, வேலை முடிந்த தேதிதான். முன்பணம் கட்டிவிட்டுப் பனியில் கூரை வேலை தள்ளிப்போய் ஜனவரியில் முடிந்தால் பூஜ்யம். குத்தகைக்கு சோலார் போடும் கம்பெனிகளுக்கு வேறொரு பிரிவில் இன்னும் கொஞ்ச காலம் சலுகை இருக்கிறது, அதனால்தான் இப்போது வரும் விற்பனை அழைப்பெல்லாம் குத்தகை, குத்தகை என்றே இருக்கிறது. அணுமின்சாரம், புவிவெப்பம், பேட்டரி சேமிப்பு ஆகியவற்றுக்கு நீண்ட காலம் விட்டுவைத்திருக்கிறார்கள், அது நல்ல முடிவு என்பேன்.

117-வது காங்கிரஸின் குறையும் இங்கே ஒன்று உண்டு, அது தேதி சம்பந்தப்பட்டது இல்லை, வேகம். 2021 நவம்பரில் இரு கட்சி ஆதரவோடு வந்த உள்கட்டமைப்புச் சட்டம் மின்சாரக் கார் சார்ஜர்களுக்கு 750 கோடி டாலர் கொடுத்தது. அதில் நெடுஞ்சாலைகளுக்கான பெரிய திட்டத்தில் முதல் நிலையம் ஒஹாயோவில் திறந்தது 2023 டிசம்பரில். இரண்டு வருடம்! மின்பாதை, அனுமதி விதிகளைச் சீர்திருத்தும் மசோதாவை மேன்ச்சின் 2022 செப்டம்பரில் கொண்டுவந்தபோது இரண்டு பக்கமும் சேர்ந்து கவிழ்த்தார்கள். பணம் ஒதுக்கி அனுமதியை மறந்தால் இப்படித்தான் ஆகும். மக்கள் கண்ணில் பட்டிருந்தால் இடிப்பதும் அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

எனக்கு என்றால், மருத்துவத்தைத்தான் முதல் இடத்தில் வைப்பேன், அதனால் என் தராசு 2021-22 பக்கம் சாய்கிறது. வரி முதல் இடத்தில் இருப்பவருக்குச் சாயும் பக்கம் வேறு. யாராக இருந்தாலும் உங்கள் தொகுதி வேட்பாளர் டவுன்ஹாலிலோ கோயில் விழாவிலோ கைகுலுக்க வரும்போது கட்சிக் கொள்கையைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மானியம் திரும்ப வருமா, வந்தால் எந்த வருடம் வரை என்று கேளுங்கள். ஓவர்டைம் கழிவு 2028 டிசம்பரில் முடியும்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மெடிக்கெய்ட் 80 மணி நேர விதி நாடு முழுக்க அமலுக்கு வரவேண்டிய கடைசித் தேதி 2027 ஜனவரி 1, தேர்தல் முடிந்து எட்டு வாரம் கழித்து. நீங்கள் தேர்ந்தெடுப்பவர் பதவி ஏற்பது ஜனவரி 3.